பார்ப்பதற்கு எவ்வளவு ஆகும்

மார்ச் 3, திங்கள்

இன்று எனக்கென்று ஒரு பிரிவு கிடைத்தது. பிரிவு என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, 'கட்டண நிர்ணயப் பிரிவு' என்று ஒரு பலகை, நான். பலகை மேசையைவிட நீளம்.

மேலாளர் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் நான் எப்போது சொன்னேன் என்று கேட்பார். (முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'சுற்றறிக்கை'. ஜன்னலைச் சாத்தச் சொல்வதென்றாலும் ஒன்று அனுப்புவார்.) நம் அலுவலகத்தில் ஒரு வெள்ளப் படம் இருக்கிறது. ஆறு பெருகினால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று நீலத்தில் காட்டும் பெரிய படம். அதன் பிரதிக்குக் கட்டணம் உண்டு, அதுவும் ஊர் முழுவதுக்குமான மொத்தக் கட்டாகத்தான் விற்போம். ஆனால் வந்து பார்த்துவிட்டுப் போவது இலவசம். "பார்க்கிறதுக்கும் ஒரு கட்டணம் வைக்கணும். எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும். எல்லாச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க, ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்றார்.

கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். அந்த வருமானத்திலிருந்து என் பணி நிரந்தரமாகும். பதினோரு வருடமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து எனக்கு நரையே வந்துவிட்டது. வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பார்க்கிறதுக்குக் காசா?" என்றார். என் கணவருக்கு என்ன தெரியும் நிர்வாகம்.

மார்ச் 5, புதன்

பட அறைக்குப் போய்ப் பார்த்தேன். பார்க்க வருபவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை. படத்தை நான் பார்க்கவில்லை, அது என் வேலையும் இல்லை.

அடக் கொடுமையே. உள்ளே பேனா, பென்சில், செல்போன் எதற்கும் அனுமதி இல்லை. அதனால் எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள்! ஒரு டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு "பாலம், வளைவு, பள்ளிக்கூடம், மூணாவது வீடு" என்று முணுமுணுத்தபடியே வாசலுக்கு ஓடினார். வெளிப்படிக்கட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து மும்முரமாக வரைந்துகொண்டிருந்தார்கள். குறுக்கே போய் ஒரு அம்மாவிடம், "என்னங்க வரையறீங்க" என்று கேட்டுத் தொலைத்தேன். "ஐயோ, பேசாதீங்கம்மா, மறந்துடும்" என்று சீறினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனாள்.

"தினமும் இதே கூத்துதான்" என்றார் காவலாளி. "நேத்து ஒருத்தர் நாலு தடவை வந்தாரு. கேட்டா, தெருத்தெருவா எடுத்துட்டுப் போறாராம்."

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்தார், இவருடைய அக்கா. வீடு வாங்கப் போகிறார்களாம். மாடி வைத்த வீடு, பூட்டிக் கிடக்கிறது, விலை குறைவு. விலை ஏன் குறைவு என்பதுதான் சந்தேகம். "தண்ணி வருமா வராதான்னு உங்க ஆபீஸ் படத்துல பார்த்துச் சொல்லேன்" என்றார்.

முடியாது என்றேன். ஊழியர்கள் வாய்மொழியாகத் தகவல் தரக் கூடாது, வருமான இழப்பு. சுற்றறிக்கை இருக்கிறது.

"கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேன் பாரு" என்றார்.

"அண்ணி, நான் ஒருத்திக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. ஒரு நடை போய்ப் பாருங்க, இப்போதைக்கு இலவசம்தான்."

'இப்போதைக்கு' என்று சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மேல் அரை மணி நேரம் போனது.

மார்ச் 12, புதன்

சாயங்காலம் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் ஒரு நோட்டுக் காகிதத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்களும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து வரைந்திருக்கிறார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டார்களாம். இடது பக்கம் அண்ணி, வலது பக்கம் அண்ணன். ஒவ்வொரு சந்தும் இருக்கிறது, ஒரு கோயிலைப் போய்த் தொட்டுவிட்டு வந்த நிம்மதி முகத்தில்.

நடுவில் நாலு தெருவைக் காணோம்.

"நடுவு உன் பக்கம்தானே" என்றார் அண்ணன்.

"எனக்கு இடதுன்னா இடதுதான். நடுவுக்கு எதுக்கு நான் போறேன்?"

அவர்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு அந்த நாலு தெருவில்தான். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். இவரும் சிரித்தார், ஆனால் தம்பி சிரித்தால் அக்காவுக்குக் கோபம் வராது. கோபத்தில் காகிதத்தை என் பக்கம் திருப்பி, "சிரி சிரி. உன் தெருவைப் பார்த்தியா? உன் வாசல் வரைக்கும் நீலம். நான் என் கண்ணால பார்த்து வரைஞ்சேன்" என்றார்.

"நீங்க வரைஞ்சா எல்லாத் தெருவும் நீலம்தான் அண்ணி" என்றேன். இப்படிக் கையால் கிறுக்கியதையெல்லாம் நம்பினால் அலுவலகம் எதற்கு?

நாளைக்குக் காலையில் இருவரும் நடுவைப் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

கட்டணம் நிர்ணயிக்கப்படும் வரை படத்தைப் பார்ப்பது நிறுத்தப்படுகிறது என்று காலை ஒன்பது மணிக்குச் சுற்றறிக்கை வந்தது.

மார்ச் 14, வெள்ளி

நாத்தனார் போனில் பேசியதை எழுதப் போவதில்லை. நான் என்ன பண்ணுவேன்? நானா மூடச் சொன்னேன்? கணக்குப் போடச் சொன்னாங்க, போடறேன். வீட்டை விக்கிறவன் பதினைஞ்சாம் தேதிக்குள்ள முன்பணம் கேட்டானாம், கெஞ்சி அடுத்த மாசக் கடைசிவரை தள்ளி வெச்சிருக்காங்களாம். எல்லாம் என் தலையிலதான் விடியணுமா?

மார்ச் 19, புதன்

ஒரு ஆள் ஒரு தடவை பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். அறையை மூடிவிட்டதால் பார்க்க ஆள் இல்லை. காவலாளியைப் பொதுமக்களாக நிறுத்தினேன்.

"என்ன பார்க்கணும்?"

"உங்க வீட்டைத் தேடுங்க."

தேடினார். தேடினார். நான் கடிகாரத்தோடு நிற்கிறேன். ஒரு கட்டத்தில் சத்தமே இல்லை. பார்த்தால் மேசையில் கையை ஊன்றியபடி கண்ணயர்ந்துவிட்டார். எழுப்பினால், "பொதுமக்கள்லயும் இப்படி உண்டுங்க" என்கிறார். அதையும் சராசரியில் சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா.

மார்ச் 24, திங்கள்

கணக்கு முடிந்தது. மண்டை காய்கிறது.

மேசை, விளக்கு, காவலாளி என்று பார்க்கும் செலவு தலைக்கு நாலு ரூபாய். அந்த நாலை வாங்க ஒரு காசாளர், ரசீதுப் புத்தகம், பூட்டு வைத்த பெட்டி, அதற்கு ஒன்பது. இதையெல்லாம் கணக்குப் போட ஒரு பிரிவு, அதாவது நான். எனக்கு முப்பத்தொன்று.

மொத்தம் நாற்பத்து நாலு. அதில் படம் பார்ப்பதற்கு நாலு, மிச்சமெல்லாம் காசு வாங்குவதற்கு. திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். அதே நாற்பத்து நாலுதான் வந்து பல்லை இளிக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. "நாற்பத்து நாலு போட்டா எவன் வருவான்?" என்றார்.

அதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஆள் குறைந்தால் என் சம்பளம் மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும், கட்டணம் ஏறும், ஏறினால் இன்னும் ஆள் குறையும். கடைசியில் யாரோ ஒரே ஒரு ஆள் வந்து என் மாதச் சம்பளம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்களை விட்டுட்டுப் போடுங்க. பதிமூணுன்னு காட்டலாம்."

"என்னை விட்டுட்டா என் சம்பளம் எதுல சார் வரும்?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல பதிமூணு பாஸாகட்டும். உங்க நிரந்தரத்துக்கு நான் பொறுப்பு."

மார்ச் 26, புதன்

பதிமூன்று என்று எழுதினால் நிரந்தரம். வேலை முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை, நாத்தனாரும் பதிமூன்றைக் கட்டி நடுவைப் பார்த்துக்கொள்வார். எழுதித் தொலையேன், என்ன கேடு உனக்கு?

கை வரவில்லை. நல்ல மனசு என்றெல்லாம் இல்லை, எனக்குத் தப்பான கூட்டல் பிடிக்காது. நான் இந்தக் கணக்கில் இருக்கிறேன். மாடிப்படிக்கு அடியில் பலகையோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னை எப்படி விடுவது? அதோடு அந்த நோட்டுக் காகிதம் வேறு ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டு பேரும் கண்ணை மூடி மூடி வரைந்து, நடுவில் ஓட்டையோடு கொண்டு வந்தார்களே. ஊர்ப் பணத்தில் போட்ட படத்தை ஊர்க்காரர்கள் திருடர்கள் மாதிரி மூளையில் ஒளித்து எடுத்துப் போக வேண்டுமா? அந்த அம்மா என்னால் மறந்துபோய்த் திரும்பவும் உள்ளே போனாளே, அவளுக்கும் பதிமூன்று வாங்குவார்கள், மறந்தால் இன்னொரு பதிமூன்று.

மூன்று வரி எழுதினேன். என்னைச் சேர்த்து: நாற்பத்து நாலு. சேர்க்காமல்: பதிமூன்று, ஆனால் கணக்கு தவறு. கட்டணமே வாங்காவிட்டால்: நாலு. மூன்றாவது வரி யார் கழுத்துக்குக் கத்தி என்று எழுதும்போதே தெரியும். கையெழுத்துப் போட்டு நகர்மன்றத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மன்றக் கூட்டம். எல்லார் கண்ணும் மூன்றாவது வரியில்தான் போய் நின்றதாம். உறுப்பினர் ஒருவர், "நாலு செலவழிக்கிறதை வாங்க நாற்பதா? பைத்தியமா நமக்கு?" என்றாராம். பார்வைக்குக் கட்டணம் இல்லை என்று தீர்மானம். அந்த வேகத்திலேயே, பிரதி விலையில் எவ்வளவு பிரதிக்கு, எவ்வளவு காசு வாங்குவதற்கு என்று இன்னொருவர் கேட்டு, அதற்கும் கட்டணம் இல்லை என்றாகிவிட்டது. கட்டண நிர்ணயப் பிரிவு கலைக்கப்படுகிறது.

மேலாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. இவரிடம் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

பலகையைக் கழற்றினார்கள். மேசை இப்போது பெரிதாகத் தெரிகிறது.

ஏப்ரல் 21, திங்கள்

அறை திறந்தது. இலவசம் என்று கேள்விப்பட்டு ஊரே வந்தது. ஒருவர், "சும்மா தர்றீங்கன்னா இது பழைய படமா?" என்று கேட்டார். இன்னொருவர் பிரதி வேண்டாம், மனப்பாடமே செய்துகொள்கிறேன், அதுதான் நம்பிக்கை என்றார். எந்தக் கோடு எது என்று ஆளாளுக்குக் கேட்டதில் காவலாளி திருதிருவென முழித்து என்னைக் கூப்பிட்டார். மதியம் ஒரு சுற்றறிக்கை: பட மேசையில் விளக்கம் சொல்ல நான். தற்காலிகம். ஆறு மாதம்.

மூன்று மணிக்கு அண்ணியும் அண்ணனும் வந்தார்கள். முதன்முறையாக நானும் படத்தின் மேல் குனிந்தேன். நடுவைப் பார்த்தோம். நாலு தெருவும் வெள்ளை. ஒரு துளி நீலம் இல்லை. அண்ணி என் தோளில் பட்டென்று ஒரு அடி போட்டார், சந்தோஷத்தில்தான்.

பிறகு விரல் தானாக இடது பக்கம் நகர்ந்தது. எங்கள் தெருவில் நீலம் வளைந்து நுழைந்து, எங்கள் வாசலில் நின்றது. நோட்டுக் காகிதத்தில் இருந்த அதே வளைவு. இத்தனை நாள் இதைப் பார்ப்பதற்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன், ஒரு தடவை பார்க்கவில்லை.

அண்ணி அடித்த அதே தோளில் கையை வைத்துக்கொண்டார். அதுதான் தாங்கவில்லை.

"அண்ணி, அந்த வீட்டு மாடி காலியாத்தானே இருக்கும்? வாடகை எவ்வளவு கேப்பீங்க?"

"கட்டணம் போடறதுல கெட்டிக்காரி நீதானே. நீயே போட்டுச் சொல்லு. எல்லாச் செலவையும் சேர்த்துப் போடு, ஒண்ணும் விட்டுடாதே."

இப்போது இவர் பேப்பர் படிக்கிறார். நான் காகிதத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாத்தனாரைச் சேர்த்து. நாத்தனாரைச் சேர்க்காமல்.