ஏழில் செவ்வாய்

8.9.2007, சனி

இராமநாதபுரம். வெக்கை. மேகம் இல்லை. டெலஸ்கோப் கண்ணாடியில் பூஞ்சை, துடைத்தேன். செல்வி போன பிறகு இன்றுதான் மூடியைத் திறக்கிறேன்.

பின்லாந்து நண்பரின் மெயில். நாங்கள் சந்தேகப்படும் நட்சத்திரம் செவ்வாய்க்கிழமை மாலை லேசாக மங்க வேண்டுமாம். மங்கினால் அதன் குறுக்கே ஒரு கோள் போகிறது. அங்கே மழை. அளந்து தர முடியுமா? முடியும் என்று எழுதிவிட்டேன்.

கேமராவின் கடிகாரம் செத்து வெகு நாள். ரேடியோ கேட்டு நேரம் சொல்லிக் குறிப்பது செல்வி வேலை.

வாங்க: பேட்டரி, கொசுவத்தி.

9.9, ஞாயிறு

செல்வியின் அப்பா வந்தார். டீயைத் தொடவில்லை.

"மாப்ள, ஒங்க சாதகத்துல ஏழுல செவ்வாய். பொண்டாட்டிக்கு ஆகாது. அதான் எம்புள்ளயத் தூக்கிருச்சு. தேவிபட்டினத்துல தோசத்தக் கழிச்சுட்டு சின்னவ மலரக் கட்டிக்கிருங்க. சொந்தம் விட்டுப் போகக் கூடாதுல்ல."

"மூளைக்காய்ச்சல் மாமா."

"அந்தக் காய்ச்சல யாரு அனுப்புனா?"

அம்மா உள்ளேயிருந்து: "வாரோம்னு சொல்லுடா."

வாரோம் என்றேன். பேச அலுப்பு.

11.9, செவ்வாய், அமாவாசை

தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல், ஒன்பது கிரகம். இடுப்பளவு தண்ணீர், காலடியில் சேறு. எல்லார் கையிலும் நவதானியம். பக்கத்தில் இரண்டு பையன்கள்:

"ஏலே, இதுல செவ்வாய் எதுடா?"

"நீ கும்புடு, அதுக்குத் தெரியும்."

சிரிப்பு வந்தது. செல்வியிடம் சொல்லத் திரும்பினேன். மலர் நின்றாள்.

"மச்சான், கழிச்சும் போகலைன்னா நானும் செத்துருவேனா?"

இல்லை என்று விளக்கலாம். விளக்கினால் கல்யாணம்.

கரையில் மாமாவிடம் சொன்னேன்: "போகல மாமா. போட்ட தானியம் திரும்பி எங்கால்லயே வந்து ஒட்டுது. மலருக்கு வேற எடம் பாருங்க."

அப்படி எதுவும் ஒட்டவில்லை.

அவர் மலரின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினார், என் நிழல் படாமல். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அம்மா: "இனி ஒனக்கு எவன்டா பொண்ணு தருவான்?"

மாலை, மொட்டைமாடி. வானம் சுத்தம். நட்சத்திரம் மங்கியது. கொஞ்சமே கொஞ்சம். பிறகு பழையபடி. கோள்தான்.

"நேரம்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

12.9, புதன்

அம்மா சமைக்கவில்லை. பழைய சோறு.

நேரம் குறிக்காத அளவீடு யாருக்கும் உதவாது. பின்லாந்துக்கு எழுதினேன்: இங்கும் மேகம்.