மஞ்சள் பூசிய கையும் மங்காத ஒரு புள்ளியும்

டுசல்டோர்ஃப்
17.09.2006

அன்பு மகள் டொறத்திக்கு,

மடு மாதாவின் காவலில் இங்கே அண்ணன் றெஜினோல்ட்டும் மச்சாளும் சாண்ட்ராவும் நானும் குறையில்லாமல் இருக்கிறோம், ரொறன்ரோவில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் சின்னக் கட்டு ஒன்று, அதன் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். டெலிபோனில் சொன்னால் நீ நடுவில் வெட்டிப் பேச்சை மாற்றிப்போடுவாய், கடிதத்தை அப்படிச் செய்ய ஏலாது.

கையில் வயதுப் புள்ளி வருகிறது, கைமருந்து சொல்லுங்கோ என்று கேட்டாய். கற்றாழை மடலைச் சீவி உள்ளிருக்கும் வழுவழுப்பான சதையைத் தயிரோடு அடித்துப் பூசு, காய்ந்ததும் கழுவு, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தாலும் சரி. தேசிக்காய்ப் புளி மட்டும் வேண்டாம். நான் அதைப் பூசிக்கொண்டு கோடை வெயிலில் பல்கனியில் இருந்து தோல் எரிந்து, முந்தியிருந்ததை விடக் கறுத்துப்போனது, சாண்ட்ரா வந்து பார்த்துவிட்டு, அப்பம்மா கையை ஊறுகாய் போடப் போறியளோ என்று கேட்டாள். பிறகு கற்றாழையை விடாமல் பூசினதில் புள்ளிகள் கொஞ்சம் வெளிறின, பெருவிரலுக்குக் கீழே இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. ஓரம் கோணலாகப் பரந்து, நடுவில் கறுத்து, அரித்துக் கடிக்கவும் தொடங்கியது. நானா அதுவா பார்ப்போம் என்று மஞ்சளைக் குழைத்துத் தடிப்பாக அப்பினேன்.

சாண்ட்ரா இப்போது ஒரு தோல் டொக்டரிடம் அவுஸ்பில்டுங் செய்கிறாள், வேலை பழகுகிறாள். என் பேத்தி வெள்ளைச் சட்டையோடு நின்று அந்த நீட்டு ஜெர்மன் பெயர்களை நாக்குத் தடக்காமல் கூப்பிடுகிற அழகை நீ பார்க்க வேண்டும். அவள்தான் என் கையைப் பிடித்துப் பார்த்துப்போட்டு, இதுக்கு மஞ்சள் காணாது, காட்டத்தான் வேணும் என்று தன் டொக்டரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்தாள். டொக்டருக்கு முன்னால் துலக்கமாக இருக்க வேண்டாமா, நான் காலையில் முகத்துக்கும் கைக்கும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுப் போனேன். அந்த மனிதர் என்னைக் கண்டதும் புள்ளியை விட்டுவிட்டுக் கண் இமையை இழுத்துப் பார்க்கிறார், வயிற்றை அமுக்குகிறார், இரத்தம் எடுக்கச் சொல்கிறார். எனக்குச் செங்கமாரி, அதுதான் உடம்பு மஞ்சளாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். சாண்ட்ரா வெட்கத்தில் சிவந்துபோய் ஜெர்மனில் விளக்கம் சொல்ல, அவர் பஞ்சை நனைத்து என் கையைத் துடைத்தார், மஞ்சள் கழன்று வந்தது, எல்லாரும் சிரித்தோம். அந்தப் புள்ளி மட்டும் கழலவில்லை. அவருடைய சிரிப்பும் அதோடு நின்றது.

வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தானாம், மேல்தோலோடு நின்றதாம், முழுக்க எடுத்தாயிற்று, கண்காணிக்க அடிக்கடி வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றி இனிக் கவலைப்படாதே, இப்போது என் கவலை நீ.

போன வருடம் இங்கே வந்து நின்றபோது உன் காதுக்குப் பின்னால் இருக்கிற மச்சத்தில் சீப்பு பட்டு இரத்தம் வந்ததைக் கண்டேன். அது பெருத்துவிட்டது, பப்பாசி பூசுறன் என்று நீ டெலிபோனில் சிரித்தாய். பிள்ளையின் பிறந்தநாள் போட்டோவில் தலைமயிரை அதன்மேல் இழுத்து விட்டிருக்கிறாய், எனக்குத் தெரியாதென்று நினைத்தாயோ. மேலே எழுதின மருந்து கைக்குத்தான், அந்த மச்சத்துக்கு நான் எந்த மருந்தும் சொல்ல மாட்டேன், நீயும் ஒன்றும் பூசக் கூடாது. வேலை, லீவு இல்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நீ அடுக்குவாய் என்று தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு உன்னோடு வாதாட வராது, காட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்ல மட்டும் வரும். இனி நீ டெலிபோன் எடுக்கிற ஒவ்வொரு முறையும் என் முதல் கேள்வி அதுதான். டொக்டர் சொல்வது நல்லதோ கெட்டதோ, ஒளிக்காமல் எனக்குச் சொல், கெட்டதென்றால் கட்டுப்போட்ட கையோடே பிளேன் ஏறி வருவேன்.

மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். மாதா தன் போர்வையால் உன்னை மூடட்டும் மகளே, டொக்டருக்கு முன்னால் மட்டும் நீ தலைமயிரை விலக்கிக் காட்டு.

உன் அம்மா,
பிலோமினா யோசப்