சட்டையில் பலா வாசம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மோட்டார் ரிப்பேர். கேஸ் புக் பண்ண வேண்டும். ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டேன், இவருடைய ரத்த ரிப்போர்ட் வாங்க.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மறுபடி ஏறியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் முழுச் சர்க்கரைக்காரர். ஒரு வருஷமாகச் சீனி இல்லை, அளந்த சோறு, சாயங்கால நடை. பிறகு எப்படி?

எப்படி என்று எனக்கா தெரியாது. கீரமங்கலம் கமிஷன் கடையில் பலாப்பழம் எடை போடுகிற மனுஷன். சட்டையை முகர்ந்தாலே போதும். போன வருஷம் ஆவூர் கோயிலில், ஒரு சுளைகூடத் தொடமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் செய்தவர். மூன்று மாதம் முன்பு கேட்டதையே இன்றைக்கும் கேட்டேன்.

"மாதாகிட்டயே பொய் சொல்லிட்டீங்கல்ல?"

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். மூன்று மாதம் முன்பு போட்ட அந்தச் சண்டையிலிருந்து பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் எழுந்து போவதில்லை; பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

ஜூன் 12, வியாழன்

புதுக்கோட்டை. பஸ்ஸில் நின்றே போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. பலாவைப் பற்றிப் புகார் பட்டியலோடு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

குறட்டை உண்டா? தெருவுக்கே கேட்கும் என்று சிரித்தேன். பகலில் தூங்கி விழுவாரா? விழுவார், தராசுப் பக்கத்திலேயே. கடையில் அது பெரிய கேலி. காலையில் தலைவலி? தினமும் இருக்கிறதாம். என்னிடம் சொன்னதே இல்லை. டேப் வைத்துக் கழுத்தை அளந்தார்; கழுத்து தடித்திருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடலாமாம்.

"தூங்கும்போது நடுவுல மூச்சு நிக்குதாம்மா? பக்கத்துல படுக்கிறவங்கதான் சொல்லணும்."

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக நான் ஹாலில். காதில் பஞ்சு. கவனிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மூச்சு நின்று நின்று வந்தால் உடம்பு தூக்கத்திலும் பதறிக்கொண்டே இருக்குமாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை வரவும் ஏறவும் வாய்ப்பு அதிகமாம். இவருக்கு அதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது, தூக்க டெஸ்ட் எடுக்க வேண்டும், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தொடர வேண்டும் என்றார். அதுவரை வண்டி ஓட்டக் கூடாதாம். நான் குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஜூன் 14, சனி

லீவு. புளிக்குழம்பு, கீரை. வெக்கை, காற்றே இல்லை. சாப்பிட்டதும் இவர் படுத்தார். செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குறட்டை. குறட்டை. சட்டென்று ஒன்றுமில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, மூக்கில் விரல் வைத்தால் காற்று இல்லை. பத்து விநாடி. இருபது. முப்பத்தொன்று. எழுப்பக் கை நீட்டுவதற்குள், தண்ணீரில் முங்கியவர் மேலே வந்ததுபோல ஒரு இழுப்பு. மறுபடி குறட்டை.

அரை மணியில் பதினான்கு தடவை. அதற்கு மேல் எண்ணவில்லை. ஐந்து வருஷமாக ராத்திரி முழுக்க இப்படியா? சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பஞ்சுப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். என் மெத்தையை இவர் அறைக்குள் இழுத்துப் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலைப் பூசை. லேசான தூறல். இன்றைக்கும் இவர் நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். முகம் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது. பழம் தின்னவில்லை என்றால் ஏன் இத்தனை நாள் வாயே திறக்கவில்லை, நன்மையும் வாங்கவில்லை என்று கேட்டேன்.

பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு பின்னாலிருந்து:

"கடையில உக்காந்தபடியே தூங்கிர்றேன் ரீத்தா. முழிச்சா கையெல்லாம் பழ வாசம். நீ வேற அவ்வளவு உறுதியாச் சொன்னியா… தூக்கத்துல தின்னுட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.