நீ வெட்டிப்போட்ட ஓரம்

சேசு மரி சூசை

வண்டிப்பெரியார்
17-11-1974

அன்புள்ள மகன் பவுல்ராஜுக்கு அப்பா யாக்கோபு எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் ஆண்டவருக்குத் தோத்திரம். பம்பாயில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க மாதா துணை நிற்கட்டும். எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பயப்படாதே, வலது மணிக்கட்டில் அடி பட்டு இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. அம்மா இதை எழுத வேண்டாம், பிள்ளை தாங்கமாட்டான் என்கிறாள். ஆனால் நான் தந்தி அடித்தது எதற்கு, நெகட்டிவ் கேட்டது எதற்கு என்று நீ இரண்டு கடிதம் போட்டுவிட்டாய், இனி மறைக்க முடியாது. எஸ்டேட் தபால் பை ஆபீஸ் வழியாகத்தான் போகிறது, பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு, அதனால்தான் கழுவுவதற்கு உனக்குப் பிலிம் அனுப்பும்போது ஒரு வரிகூட எழுதவில்லை. இதைக் குமுளிக்குப் போய் அம்மாவே தபாலில் சேர்ப்பாள்.

கத்தி ஓங்கி நிற்கிற அந்தப் படத்தை நீ கோயில் திருநாள் நாடக ஒத்திகை என்று நினைத்துவிட்டாய். நாடகம் இல்லை மகனே. நம்ம பழனிச்சாமி மாமாவை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். சின்னையன் என்று ஒரு சூப்பர்வைசர் போன வருஷம் வந்தான், உனக்கு அவனைத் தெரியாது. செப்டம்பர் கடைசியில் அவன் கொழுந்துக் காட்டில் வைத்து பூமாரி என்ற பெண்ணை, நிறைமாசக்காரி, கூடை நிறையவில்லை என்று இடுப்பில் மிதித்தான். பிள்ளை செத்துப் பிறந்தது, டிஸ்பென்சரியில் நான்தான் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன், கம்பவுண்டராக இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கனம் என் கையில் இருந்ததில்லை. மறுநாளே பழனிச்சாமி பாக்டரியில் கொழுந்து நசுக்குகிற ரோலர் ரூமிலிருந்து ஆட்களை வெளியே கூட்டிவந்துவிட்டான், சின்னையனை அனுப்பினால்தான் வேலை என்று. எட்டு நாள் ஒருத்தரும் மலை ஏறவில்லை. ஒன்பதாம் நாள் காலை ஒரு லாரி நிறைய வெளியாட்களைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் பாக்டரிக்குப் போகிற ரோட்டில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். பனி விலகி நல்ல வெயில், கூட்டத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று நீ கொடுத்த டப்பா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். எனக்கு அன்றைக்கு அந்த எண்ணம்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

லாரி நின்றது, தடியோடு குதித்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களின் தலை, முதுகு, கைப்பிள்ளை எதையும் பார்க்கவில்லை, நெல்லடிக்கிற மாதிரி அடித்தார்கள். மண்டை உடைகிற சத்தம் தேங்காய் உடைகிற சத்தம்தான், வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ராமுத்தாயின் முடியைப் பிடித்து ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனான், பழனிச்சாமி அவனைத் தள்ளிவிட்டுப் பெண்சாதிக்கு முன்னால் வந்து நின்றான், கையில் ஒரு குச்சிகூட இல்லை. அப்போதுதான் சின்னையன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான், தேயிலைக் கவையை ஒரே வெட்டில் துண்டாக்குகிற கத்தி. முதல் வெட்டு தோளில். நீ போன வருஷம் எழுதியிருந்தாயே, அப்பா உங்கள் படத்தில் மனிதர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள், பயப்படாமல் பக்கத்தில் போங்கள் என்று. நான் பத்தடியில் நின்றேன். வெயில் என் முதுகுப் பக்கம். கத்தி இரண்டாம் தடவை உயர்ந்தபோது விசையை அமுக்கினேன். அமுக்கியதும் பிலிமை அடுத்த நம்பருக்குச் சுற்றினேன். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுகிறது, எடுத்த கையோடு சுற்றிவிடுங்கள் என்று நீ சொல்லிக்கொடுத்தது கைப்பழக்கமாகிவிட்டது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அதற்குப் பிறகுதான் அவனை நோக்கி ஓடினேன். என் மணிக்கட்டில் தடி விழுந்தது, கேமராவைச் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டேன். இரண்டாம் வெட்டு கழுத்தோரத்தில் இறங்கியிருந்தது. கதவுப் பலகையில் வைத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிவந்தார்கள், உடைந்த கையையும் சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன், பஞ்சு மூட்டை முழுக்க நனைந்தது. ஜீப்பில் ஏற்றி மூன்றாவது வளைவு தாண்டவில்லை.

சின்னையன் தரப்பில், அவன் பயமுறுத்தத்தான் கத்தியை ஓங்கினான், பழனிச்சாமி ஓடும்போது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைமேல் விழுந்து குத்துப்பட்டான் என்றார்கள். பார்த்த பெண்கள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்தது நீ கழுவி அனுப்பிய பிரிண்ட் ஒன்றுதான். அதைக் கோர்ட்டில் கொடுத்தோம். எதிர்க்கட்சி வக்கீல் படத்தை உயர்த்திப் பிடித்து, கத்தி இருக்கிறது, கத்தி பிடித்தவர் இருக்கிறார், வெட்டுப்பட்டவன் எங்கே என்று கேட்டார். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிரிண்ட் போடும்போது வலது ஓரத்தை நீ வெட்டிவிட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே வந்த உடனே தந்தி அடித்தேன். நீ முழுப் படமும் நெகட்டிவும் அனுப்பினாய், கூடவே, ஓரத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டு இருக்கிறது, அது கண்ணைக் கத்தியிலிருந்து இழுக்கிறது, அதனால்தான் வெட்டினேன், வெட்டியதும் படம் நிமிர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை மகனே. ரோலர் தின்ற விரல். உன்னைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்த கை. நீ பார்க்கவில்லையா, நிஜமாகவே பார்க்கவில்லையா என்று ஒரு நாள் முழுக்க உன்மேல் எனக்கு ஆத்திரம். உன் படம் சுவரில் மாட்டியிருந்தது, அதைத் திருப்பி வைத்தேன், அம்மா வந்து நேராக்கினாள். பிறகு யோசித்தேன், ஒன்றும் சொல்லாமல் அனுப்பியவன் நான்தானே.

போன வியாழக்கிழமை முழுப் படத்தைக் காட்டினார்கள். அந்த விரலைக் காட்டி, இது யார் கை என்று கேட்டதற்குக் கூண்டில் ஏறி, பழனிச்சாமி கை என்று நான் சொன்னேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சின்னையனுக்கு ஜாமீன் இல்லை, கொலைக் கேஸாக மேல்கோர்ட்டுக்குப் போகிறது. எஸ்டேட்டிலும் அவன் பேரை அடித்துவிட்டார்கள், நாளை திங்கட்கிழமை முதல் எல்லாரும் மலை ஏறுகிறார்கள். அந்தமட்டும் உன் அப்பனின் படம் உதவியது. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. கத்தி வேகத்தில் கலங்கியிருக்கிறது, மற்ற எல்லாம் கூர்மையாக இருக்கிறது, உங்கள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை, நீங்கள் எடுத்ததிலேயே இதுதான் சிறந்தது என்று புகழ்ந்திருந்தாய். ஏன் நடுங்கவில்லை? அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ராமுத்தாய் வந்தாள், தலையில் இன்னும் கட்டு. படத்தைப் பார்க்கணும் என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாங்கி, சின்னையன் நிற்கிற பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அந்தக் கையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "அண்ணே, இது வெட்டுக்குத் தடுக்கிற கை இல்லை. உங்களைப் பார்த்து நீட்டியிருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு வைக்கணும் என்று எழுந்து போய்விட்டாள்.

படத்தை உங்கள் போட்டோ கிளப் போட்டிக்குக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய், அதை உடனே திரும்ப வாங்கிவிடு. இனி யார் படத்தைத் திருத்தினாலும், இது என்ன, இதில் யார் என்று முதலில் கேள், பிறகு வெளிச்சத்தையும் கோணத்தையும் சொல். நீ சொன்ன குறைகளில் ஒன்றுகூடத் தப்பில்லை, இனிமேலும் சொல், கோபித்துக்கொள்ளமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. பழனிச்சாமிக்கு ஒரு பூசை கேள், இந்து ஆள் என்றாலும் சாமியார் மறுக்கமாட்டார். ராமுத்தாய்க்கு உன் கையால் நாலு வரி எழுது, படத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே. ஆண்டவரும் மாதாவும் உன்னை எந்த ஆபத்தும் தீண்டாமல் காக்கட்டும்.

உன் அப்பா,
ம. யாக்கோபு