தும்பி வலப்பக்கம் பார்க்கிறான்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. இங்கே அப்பா நலம், சின்னவள் தேவைக்கு மேலேயே நலம், என் தையல் மெஷினும் நலம். நீ நலம் என்று நீ சொல்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம். என் கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுத இவளை உட்கார வைத்தேன். (கோளாறு கண்ணாடியில் இல்லை. இதற்கு மேல் எழுதினால் எனக்கு அடி விழும். – சின்னவள்) நான் சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன், கேட்கிற ஆளா இவள், நடுநடுவே தன் கைச்சரக்கைச் சேர்ப்பாள், கண்டுகொள்ளாதே.

அப்பாவுக்கு வேலைக்குக் குறைவில்லை, ஊரிலுள்ள லிஃப்ட் எல்லாம் இவர் வந்துதான் ஏறி இறங்குவேன் என்று நிற்கிறது. போன வாரம் அவர் பழுதுபார்த்துவிட்டு வந்த லிஃப்டில், இன்று மேலே மட்டும் போகும், இறங்குகிறவர்கள் நாளை வரவும் என்று இவள் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆறாவது மாடியிலிருந்து ஒரு பல் டாக்டர், அப்போ நான் ராத்திரி இங்கேயே படுத்துக்கணுமா என்று அப்பாவுக்கு போன் பண்ணிக் கேட்டாராம். அப்பா இரண்டு நாள் இவளோடு பேசவில்லை, மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன் கண்ணு, ஆனால் எனக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை, அதற்குக் காரணம் நீ.

செவ்வாய்க்கிழமை நீ வரைகிற படக்கதையின் தொண்ணூற்றேழாவது இதழ் நீ அனுப்பி வந்தது. உன் கதாநாயகன் பெயரை இரும்புத் தும்பி என்று நீ எத்தனை தடவை திருத்தினாலும் என் வாயில் இரும்புத் தம்பி என்றுதான் வருகிறது. நாலு வருஷமாக இந்த வீட்டில் அவன் தம்பிதான், அவன் கூரையிலிருந்து விழுந்தால் எனக்கு முட்டி வலிக்கிறது. வழக்கம்போல் அப்பா முதலில் உன் பெயர் அச்சடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சின்னவள்தான் புரட்டிக்கொண்டே, அம்மா நம்ம தம்பி கட்சி மாறிட்டான், இத்தனை நாளும் இடது பக்கம் இருந்தவன் இப்போ வலது பக்கம் போயிட்டான் என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான்தான் அதோடு விடவில்லை. பழைய இதழ்களை எல்லாம் எடுத்துத் துணி வெட்டும் மேஜையில் பரப்பினேன். தொண்ணூற்றாறு இதழிலும் அவன் முகம் இடப்பக்கம்தான் பார்க்கிறது, வில்லனும் இடப்பக்கம், போலீஸ்காரர்களும் இடப்பக்கம், நாய்கூட இடப்பக்கம். இந்த ஒன்றில் மட்டும் எல்லாரும் வலப்பக்கம். நிழலுக்கு நீ போடும் கோடுகளும் எப்போதும் சாயும் பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. மீதிக் கட்டங்களில் பாதி புகை, பாதி இருட்டு. (இருட்டை வரைய எந்தக் கையும் போதும். – சின்னவள்)

நீ ஸ்டைலை மாற்றினேன் என்பாய். மற்றவர்களிடம் சொல்லு. கடையில் இருபது பேர் தைத்த சட்டைகள் ஒரே குவியலாகக் கிடந்தாலும் எது யார் கை என்று பிரித்துப் போடுகிறவள் நான். உன் அறையில் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவரை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பத்து வயசில் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து வலது கையில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தாயே, அப்போது சும்மா இருக்க முடியாமல் இடது கையால் அந்தச் சுவர் முழுக்க வரைந்தாய். அதற்கு முன்னால் நீ போட்ட பூனை, பூதம் எல்லாம் இடப்பக்கம் ஜன்னலைப் பார்க்கும். அந்த ஆறு வாரத்துப் பூனை, பூதம் எல்லாம் வலப்பக்கம் கதவைப் பார்க்கும். கட்டுப் பிரித்த மறுநாளே மறுபடி ஜன்னல். அப்பா இரண்டு தடவை வெள்ளையடித்தும் அந்தச் சுவரை மட்டும் நான் தொட விடவில்லை. நேற்று அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். நான் நினைத்தது சரிதான். நீ இடது கையால் வரைகிறாய்.

வலது கைக்கு என்ன ஆயிற்று? மூன்று வாரமாக போனில் முகம் காட்டாமல் குரலை மட்டும் அனுப்புகிறாய், கேட்டால் கேமரா சரியில்லை என்கிறாய், அதற்கு மேல் கேட்டால் ஏதாவது ஜோக் சொல்லி மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் கடிதம், கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. நூறாவது சிறப்பிதழையும் உனக்கே கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்று நானும் துள்ளினேன். அதை இழந்துவிடுவோமோ என்று பத்திரிகை ஆசிரியரிடம் மறைக்கிறாய், மணிக்கட்டில் எதையோ சுற்றிக்கொண்டு நாளுக்கு ஒரு பக்கம் முடிக்கிறாய், டாக்டரிடம் போகவே இல்லை. சரியா, தப்பா? தப்பு என்றால் என்னை நல்லாத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரி என்றால் ஒன்று கேள், நூறாவது இதழை வேறு யாராவது வரைந்தால் உனக்கு ஒரு இதழ்தான் போகும், கை போனால் எல்லா இதழும் போகும். அந்த ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லு, தள்ளிப் போடுகிறாரா பார். (திட்டும்போது உன்னைக் கிறுக்கி என்கிறாள். படம் கிறுக்கியவள் என்ற பொருளா, மற்றதா என்று கேட்டேன். இரண்டும்தானாம். – சின்னவள்)

கையை உதறாதே, கண்டவர் சொன்ன தைலத்தைத் தேய்க்காதே, பக்கெட் தூக்காதே. பொய் மட்டும் சொல்லாதே, தூரத்தில் இருக்கிற பிள்ளை சொல்லும் பொய்யை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது...

இங்கே சின்னவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் நீ உண்மையைச் சொல்லும்மா, அப்புறம் அவளைக் கேள் என்கிறாள். எழுத மாட்டாளாம். சரி, எழுதடி. கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. வியாழக்கிழமை மெஷின் பக்கத்தில் உன் இதழைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே தைத்தேன், ஊசி வலது கை ஆள்காட்டி விரலில் இறங்கி உள்ளேயே உடைந்துவிட்டது. எடுத்துவிட்டார்கள், தையல்காரிக்கே மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். பெரியவளுக்குத் தெரிய வேண்டாம், அவள் வேலை கெடும் என்று வீட்டில் எல்லார் வாயையும் அடைத்தவள் நான்தான். ஆக நீ யாரைப் போல என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை.

நான் சொல்லிவிட்டேன், இனி உன் முறை. நாளைக்கே டாக்டரிடம் போ, அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுது. எந்தக் கையால் முடிகிறதோ அந்தக் கையால் எழுது, கோணலாக இருந்தாலும் நான் படித்துவிடுவேன். உன் கை நோவில்லாமல், நீ நினைத்ததை நினைத்த பக்கம் பார்க்க வைத்து, நெடுநாள் வரைந்து நன்றாக இரு. கீழே இருப்பதை மட்டும் நானே போடுகிறேன், இடது கையால்.

இப்படிக்கு,
உன் அம்மா

(இந்த இரண்டு வார்த்தைக்கு அவளுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. நான் சிரிக்கவில்லை. – சின்னவள்)