திறக்காமல் போனவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போது வீட்டிலுள்ள தூசியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, துடைக்கிற வேலை என் தலையில் விடிந்திருக்கிறது. மாமாவுக்குக் குறையொன்றுமில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது பற்றி நாம் போடுகிற வீடியோக்களில் நோயாளியாகப் படுத்துக்கொடுப்பதோடு சரி, ஆனால் தெருவில் அவர் நடக்கிற நடைக்குக் கதாநாயகன் தோற்றான். போன மாதம் படுக்கைப்புண் வீடியோ எடுக்கும்போது நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டு, மூன்று தடவை திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் சரிம்மா சரிம்மா என்பேன், அப்படித்தான் இந்தக் காரியமே நடந்தது. அதனால் நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதுகிறேன், முழுவதும் படி.

பக்கவாதம் வந்தவருக்குச் சாப்பாடு ஊட்டுவது பற்றி நாம் போட்ட வீடியோவை, கண்ணில் பட்ட நூறு பேரில் இரண்டு பேர்தான் திறந்தார்கள். முப்பத்தொரு வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவன் பேச்சுக்கு இவ்வளவுதானா மதிப்பு என்று எனக்கும் மனத்தாங்கல். உன் உத்தியோகமே இதுதானே, வீடியோவைத் திறக்க வைக்கிற முகப்புப் படம் செய்வது, தம்ப்நெயில் என்பாயே, எனக்கும் ஒன்று செய்து அனுப்பினாய். இப்படிச் செய்யவே கூடாது என்று காட்டுவதற்காக இரண்டாவது நிமிஷத்தில் மாமாவை மல்லாக்கப் படுக்கவைத்து வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோவேன் அல்லவா, அந்த இடத்தை எடுத்து, ஸ்பூனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மேலே மஞ்சள் எழுத்தில் இது உங்களுக்குத் தெரியுமா என்று எழுதியிருந்தாய். வார்டில் தவறான முறையைச் சுவரில் மாட்டினால் குறுக்கே பெருக்கல் குறி போடாமல் மாட்டமாட்டோம், இதிலும் போடம்மா என்றேன். போட்டால் விடை தெரிந்துவிடும்ப்பா, அப்புறம் யார் திறப்பார்கள் என்றாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்று அடித்துச் சொல்லவும் இல்லை. அந்தப் படத்தைப் போட்டதும் நூறுக்கு இரண்டு பேர் என்பது ஒன்பதாயிற்று. மாதத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்த நீ தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தாய், ஏழாச்சுப்பா, எட்டாச்சுப்பா என்று. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே என் சந்தேகத்தை விழுங்கிவிட்டேன்.

மூன்றாவது வீட்டுத் தையல்காரியை உனக்குத் தெரியும், கல்லூரிக்குப் போகும்போது உன் உடுப்புகளையெல்லாம் அளவு சரிசெய்து கொடுத்தவள். எட்டு மாதமாக அவள் புருஷனுக்குப் பக்கவாதம், வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது. ஆள் வாட்டசாட்டம், வேளைக்கு வேளை அவரைத் தூக்கி உட்கார வைத்து ஊட்டுவதற்குள் அவள் இடுப்பு ஒடிந்துபோகும். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் போனில் நம் படம் வந்திருக்கிறது. கையில் துணியும் காலடியில் மிதியுமாக இருப்பவளுக்குத் திறந்து பார்க்க நேரம் ஏது. நர்ஸ் அண்ணனே ஆளைப் படுக்கப்போட்டுத்தான் ஊட்டுகிறார், நாம்தான் தெரியாமல் இத்தனை நாள் இடுப்பை ஒடித்துக்கொண்டோம் என்று நினைத்திருக்கிறாள். அன்றிலிருந்து படுக்கவைத்தே ஊட்டியிருக்கிறாள். ஐந்தாம் நாள் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். படுக்கவைத்து ஊட்டச் சொன்னது யார் என்று டாக்டர் சத்தம் போட்டபோது, என் புத்திகெட்டதனம்தான் என்று தலையைக் குனிந்துகொண்டாளாம். நாங்கள் பார்க்கப் போனபோது வராந்தா பெஞ்சில் என்னைத் தனியாக உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாள், "உங்க படத்தைப் பாத்துத்தான் செஞ்சேண்ணே, ஆனா உங்க பேரை யார்கிட்டயும் சொல்லல." எனக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதாம்.

நான் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வீட்டுக்கு வந்ததும் வீடியோவிலிருந்து அந்தப் படத்தை நீக்கினேன். எண் ஏன் இறங்குகிறது என்று அன்று சாயங்காலம் நீ கேட்டாய், போனில் ஏதோ கோளாறு என்றேன், அது பொய். அம்மா புதுக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியும் போட்டவள்போல் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டு, நாம் வாயை மூடிக்கொண்டால் பழி அவள் தலையிலேயே நின்றுவிடும் என்றாள். மறுநாள் போய்ச் சொன்னேன். படம் தப்பு, தப்பென்று தெரிந்தும் போட்டவன் நான், உன்மேல் குற்றமில்லை என்றேன். "அப்ப நான் என் கையால அவரைக் கொல்லப் பாக்கலையாண்ணே?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு அந்த வராந்தாவிலேயே வாய்விட்டு அழுதாள். ஒரு வாரமாக இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். டாக்டரிடமும் நானே போய் ஒப்புக்கொண்டேன். அவள் புருஷனுக்கு ஆக்ஸிஜனை நேற்று எடுத்துவிட்டார்கள், சாப்பாடு இன்னும் மூக்குக் குழாய் வழியாகத்தான் போகிறது, இனி வாயால் சாப்பிடுவாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

திறந்த ஒன்பது பேரைத்தான் நாம் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம். திறக்காமல் போன தொண்ணூற்றொரு பேருக்கும் அந்தப் படம்தான் பாடம் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. இப்போது மாமாவை முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைச் சற்றுக் குனியச் சொல்லி எடுத்துப் போட்டிருக்கிறேன். நூறில் மூன்று பேர் திறக்கிறார்கள். மூன்று போதும் என்று சொல்லுமளவுக்கு நான் சாமியார் இல்லை, எனக்கும் ஒன்பது வேண்டும். பெரிய எழுத்து போடு, நல்ல வெளிச்சம் கொடு, முகத்தைக் கிட்டத்தில் காட்டு, உன் கைவேலை தெரியட்டும். ஆனால் திறக்காமல் போகிறவரும் நல்லதைக் கற்றுக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். அலுவலகத்தில் நீ செய்கிற மற்றப் படங்களையும், நேரமில்லாமல் தைத்துக்கொண்டிருப்பவள் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பு. உன்னைக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை, விவரம் தெரிந்தும் விட்டுக்கொடுத்தவன் நான். ஆனாலும் உன்னிடம் மறைத்து உன்னைச் சின்னப்பிள்ளையாக்க எனக்கு விருப்பமில்லை.

நீ தீர்க்காயுசாக, நோய்நொடியில்லாமல், நல்ல பெயரெடுத்து வாழ வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள், மாமாவும்தான். தையல்காரியின் போன் எண்ணைக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். படத்தைச் செய்தது யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா இருப்பாள். கூப்பிட்டால் சாக்குப்போக்கு எதுவும் சொல்லாதே. அவள் உன்னைத் திட்டமாட்டாள், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பாள், அதைத் தாங்கிக்கொள்ள மனதைத் தயார்செய்துகொண்டு கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா