நீளக் கை மெஷின்

மார்ச் 4, செவ்வாய்

பெரிய போர்வை பாதியில் நிற்கிறது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துச் சுருட்டி, தையல் மெஷினின் கைக்கு அடியில் இருக்கிற அந்த ஒரு சாண் சந்தில் திணித்து, தள்ளித் தள்ளித் தைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணு வேலைய விடுங்க, இல்ல மெஷினை மாத்துங்க."

விடுவதா? நானா?

நாத்தனாருக்கு அது போதும். "லாங் ஆர்ம் வாங்கிடலாம் அண்ணி" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள். துணியை ஃபிரேமில் விரித்துக் கட்டிவிட்டு, நின்றுகொண்டே தைக்கிற நீளக் கை மெஷின். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் அண்ணனைத் தவிர எல்லோருக்கும் அவள் டீச்சர்தான், எனக்கும். துண்டுத் துணிகளை வெட்டி இணைப்பது அவள் வேலை. அதன்மேல் பூவும் கொடியுமாகத் தையல் ஓட்டுவது நான். யாராவது கேட்டால், "டீச்சரும் கூடமாட உதவி செய்வா" என்பேன்.

மார்ச் 8, சனி

ஷோரூம் போனோம். கம்ப்யூட்டர் வைத்த மெஷின். விற்கிற பெண் ஒரு பட்டனைத் தட்டினாள். அது தானாக நகர்ந்து தானாக ரோஜாப்பூ போட்டது. டீச்சர் கைதட்டாத குறை.

"அப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"நீங்க உக்காந்து காபி குடிக்கலாம் மேடம்."

காபி குடிக்க எனக்கு மெஷின் எதற்கு?

மார்ச் 9, ஞாயிறு

கூடத்தை அளந்து பார்த்தார் என் வீட்டுக்காரர். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "வாங்கப் போறது மெஷினா, ரயில் பெட்டியா?" என்றார். சோபா போயாக வேண்டுமாம்.

மார்ச் 13, வியாழன்

கைப்பிடியைப் பிடித்து நாமே ஓட்டுகிற மாதிரி மெஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று போனோம். விற்பவர் பஸ் டிரைவராக இருந்தவர்! ஓய்வுக்குப் பிறகு போர்வை தைக்கப் பழகினாராம். இப்போது மகள் வீட்டு மாடிக்குக் குடி போகிறார், அங்கே இதற்கு இடமில்லை.

முதலில் நான்தான் நின்றேன். வேறு யார் நிற்பார்கள்?

ஒன்றும் வரவில்லை. கோழி கிளறின மாதிரி ஒரு கோடு. இத்தனை வருடமாக ஊசி ஒரே இடத்தில் குத்தும், நான் துணியை நகர்த்துவேன். இங்கே துணி அசையாமல் கிடக்கிறது, ஊசி நடக்கிறது. கைக்குத் தெரிந்ததெல்லாம் தலைகீழ்.

"பிரேக்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்கம்மா" என்றார் டிரைவர்.

பிறகு டீச்சர் நின்றாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள், போனாள். அவ்வளவுதான். சுழி சுழியாக, எங்கும் நிற்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கரும்பலகையில் எழுதின கை அல்லவா? அங்கே பலகை நிற்கும், கைதான் நடக்கும். எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை?

"இவங்க ஓட்டுறாங்க!" என்றார் டிரைவர்.

சத்தம் அதிகம் என்றேன் நான்.

மார்ச் 14, வெள்ளி

வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சத்தம், இடம், பழசு. "சரி அண்ணி" என்றாள். ஏன் உடனே சரி என்றாள்? ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாமே.

மார்ச் 17, திங்கள்

டீச்சர் வரவில்லை. பல் வலியாம்.

வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். நூலை மாற்றினேன், திரும்பவும் பழைய நூலையே போட்டேன். போனில் மெஷின் படங்களாகப் பார்க்கிறேன் — இது சின்னது, அது பெரிசு, இன்னொன்றின் நிறம் சரியில்லை. குறை கண்டுபிடிப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

மார்ச் 20, வியாழன்

கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போனேன். "இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும். நான் வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஃபிரேமில் பழகுவதற்கென்று ஒரு பழைய விரிப்பைக் கட்டி வைத்திருந்தார்.

மோசம்.

மார்ச் 24, திங்கள்

மறுபடி போனேன். ஒரு வளைவு வந்தது! ஒன்றே ஒன்று. முதுகெல்லாம் வியர்வை.

"வாங்கப் போறீங்களா, இல்ல லைசென்ஸ் எடுக்க வர்றீங்களா?" என்கிறார் மனுஷர். இவரும் விற்க அவசரப்படுகிறவராகத் தெரியவில்லை. பேசும்போதெல்லாம் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

டீச்சருக்கு இன்னும் பல் வலி.

மார்ச் 28, வெள்ளி

இன்று மறுபடி டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

முன்பு நான் போட்ட வளைவைப் பார்க்கலாம் என்று விரிப்பைப் பின்பக்கம் சுருட்டினேன். என் கோணல் கோட்டுக்குக் கீழே சுழிகள். அதற்கப்புறம் என் கோடு. அதற்கும் கீழே மறுபடி சுழிகள், முன்னதைவிட அழகாக. இடப்பக்கம் கொஞ்சம் சாயும் அந்தச் சுழியை எனக்குத் தெரியாதா? அவள் எழுத்தே அப்படித்தான் சாயும்.

"டீச்சர் இங்க வந்தாளா?"

டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களும் யாருக்கும் தெரிய வேண்டாம்னாங்க, நீங்களும் அதேதான் சொன்னீங்க. பஸ்ல கேட்டத பஸ்லயே விட்டுட்டு எறங்குறவன்மா நான்."

பல் வலியாம்! பல் வலி!

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க வேண்டாம்னுட்டீங்களே அண்ணி. அப்புறம் நான் என்ன சொல்றது?"

"வேண்டாம்னா, எதுக்குப் போன?"

புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஆசையா இருந்துச்சு அண்ணி. இத்தன வருஷத்துல ஒரு விஷயமாவது உங்களவிட எனக்கு நல்லா வந்துச்சே. அத விட மனசு வரல."

எனக்கும் அதே ஆசைதான், அவளைவிட நன்றாக வர வேண்டும் என்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தண்ணி குடு" என்றேன். கொடுத்தாள். குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கிடலாம்" என்றேன்.

"யார் ஓட்டுறது?"

"கேக்குற கேள்வியப் பாரு. நீதான்."

சொன்னபோது பெருந்தன்மையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏன்தான் சொன்னேனோ என்றிருந்தது.

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டது. கூடத்தில் பாதி போய்விட்டது. டிரைவரே கூட வந்து ஒவ்வொரு திருகாக முடுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது மெஷின் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினார்.

ஏப்ரல் 11, வெள்ளி

வெட்டினேன். இணைத்தேன். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது இந்த வேலைக்கு! என் முனைகள் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கின்றன. அவள் இணைத்ததில் ஒரு முனைகூட விலகி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதைவிட, கவனித்ததே இல்லை.

மே 6, செவ்வாய்

பேரன் பிறந்திருக்கிறான் என்று ஒரு வங்கி அதிகாரி அம்மா கேட்டிருந்த சின்னப் போர்வை. இன்று வாங்கிக்கொள்ள வந்தார். விரித்து, சுழிகள்மேல் விரலை ஓட்டி, "என்ன கைம்மா உங்களுக்கு!" என்றார், என்னைப் பார்த்து.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் சும்மா இருந்தேன்.

"டீச்சர், இங்க வா. உன்னத்தான் கேக்குறாங்க."

அவள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தாள். "அப்ப நீங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"நான் வெட்டி இணைக்கிறேன்."

சொல்லிவிட்டேன். 

அந்தப் போர்வையின் ஓரத்தில் நேற்று நானும் ஒரு வரி ஓட்டியிருந்தேன். நடுங்கித்தான் இருந்தது. "இருக்கட்டும் அண்ணி, பிரிக்காதீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள் டீச்சர். அவள் போனதும் பிரித்து எடுத்துவிட்டேன். காலையில் அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். தானே தைத்து நிரப்பினாள்.

நாளைக்கு அவள் வருவதற்கு முன் பழைய துணியில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.